வெள்ளி ராவு எந்த ராவு?

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஓர் எருமை மாடு. போன ஆனி மாதம், என்னோடு அலுவலகத்தில் வேலை செய்யும் தோழி ஒருத்தி ஓர் ஒலிப்பதிவை அனுப்பினாள். அவளுடைய கணவர் கல்முனைப் பக்கத்து ஆள். பதிவில் ஒரு பெண், காணாமல் போன எருமை ஒன்றின் அங்க அடையாளங்களை வானொலியில் வாசிக்கிறார். இடது கொம்பு கொஞ்சம் வளைவாம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமாம். அதே மூச்சில் யூரியா எந்தக் கடைக்கு வந்திருக்கிறது என்கிறார். பிறகு ஒரு ஜனாஸா அறிவித்தல், யாரோ இறந்துபோன செய்தி, குரல் தணிகிறது. கடைசியில் ஓர் ஆண்குரல் வந்து, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று வாசித்துவிட்டுப் போகிறது. மூன்று தரம் கேட்டேன். கொழும்பு வானொலிகளில் காரணமே இல்லாமல் சிரிக்கிற அறிவிப்பாளர்களைக் கேட்டுப் புளித்துப்போன காதுக்கு, அந்த எருமை பெரிய ஆறுதலாக இருந்தது.

விசாரித்தேன். மருதமுனையில் ஊர்க்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டு நடத்தும் சின்ன வானொலியாம். அரிசி ஆலைக்காரர், தறிக்காரர், தோணிக்காரர் எல்லோரும் பங்காளிகள். அதற்குப் பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் யாரும் சொல்வதில்லை. ஹாட்வெயார் கடைக்கு மேலே இருப்பதால் எல்லோருக்கும் அது ‘மேல்மாடி’. அதனால் இங்கும் மேல்மாடி என்றே எழுதுகிறேன்.

தொலைபேசி எடுத்தேன். எருமைக்காகக் கசிந்த அதே குரல் பேசியது. பெயர் சபீனா. நிலையத்தைக் கவனிப்பவரும் அவர்தான், கூட்டுவதும் அவர்தான் என்றார். வாரம் ஒருமுறை விவசாயிகளை மேல்மாடிக்கே வரவழைத்து ‘வட்டைக் கதை’ என்று ஒரு நிகழ்ச்சி செய்கிறார்களாம். அந்தப் பக்கத்தில் வட்டை என்றால் பரந்த வயல்வெளி, கதை என்றால் பேச்சு. நான் வரலாமா என்று கேட்டேன். “வாங்களன் அக்கா. வெள்ளி ராவு, மஃரிபுக்குப் புறகு,” என்றார். மஃரிப் என்பது பொழுது பட்டதும் தொழும் தொழுகை என்பது எனக்குத் தெரியும். வெள்ளி ராவு என்பது வெள்ளிக்கிழமை இரவு என்பதும் தெரியும். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். மட்டக்களப்புக்கு எண்ணூறு ரூபாய்க்குக் கிட்ட எடுத்தார்கள். ஆறு மணித்தியாலம் என்றார்கள், ஆறே கால் சென்றது. பொலன்னறுவை தாண்டினால் கச்சான் காற்று யன்னல் வழியாக வந்து முகத்தைக் காய்ச்சும். தண்ணீர் போத்தல் இரண்டாக எடுத்துப் போங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை நாற்பது கிலோமீற்றர். பஸ் அடிக்கடி உண்டு, ஒன்றேகால் மணித்தியாலத்தில் போய்விடலாம். எனக்கு நேரந்தவறுவது பிடிக்காது. கூட வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்துத்தான் மணிக்கூட்டைத் திருத்துவார்கள். இது பெருமைக்காக எழுதவில்லை, பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள உதவும் என்பதற்காக எழுதுகிறேன்.

கல்முனையில் இறங்கியபோது ஊரே பூட்டிக் கிடந்தது. புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, எல்லாம் கதவு அடைப்பு. ஏதோ ஹர்த்தாலாக்கும் என்று நினைத்தேன். ஆட்டோ தரிப்பிடத்தில் ஒரேயொரு ஆட்டோ மட்டும் நின்றது, அதிலும் ஆள் இல்லை. கால் மணித்தியாலம் கழித்து, வெள்ளைத் தொப்பியோடு சாரதி வந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறாராம். இனி எல்லாம் திறப்பார்கள் என்றார். வெள்ளிக்கிழமை வந்து இறங்கிவிட்டு வெள்ளிக்கிழமையை மறந்துபோனவளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. பெயர் ஹம்சா காக்கா. அங்கே காக்கா என்றால் அண்ணன், பறவையை நினைக்க வேண்டாம்.

கடற்கரைப் பக்கம் ஓர் அறை எடுத்தேன், ஒரு நாளுக்கு நான்காயிரம், மின்விசிறி சத்தம் இலவசம். பின்னேரம் தன்னால் வர முடியுமோ தெரியாது, பூமிக்குப் போக இருக்கிறது என்றார் ஹம்சா காக்கா. அப்படியானால் இப்போது எங்கே நிற்கிறோம் என்று கேட்க வாய் உன்னியது. பிறகுதான் விளங்கியது, அவர்களுக்குப் பூமி என்றால் வயல். ஒரே மொழிதான் பேசுகிறோம் என்ற நம்பிக்கை மத்தியானத்திலேயே ஆட்டம் காணத் தொடங்கியது. எப்படியோ அவர் வேளைக்கு வந்துவிட்டார். பாண்டிருப்பு தாண்டி மருதமுனைக்கு முந்நூறு ரூபாய்.

பாங்கு சொல்லித் தொழுகை முடியும் வரை கீழே நின்றுவிட்டு, சரியாக ஆறே முக்காலுக்கு மாடிப்படி ஏறினேன். ஆட்கள் கூட்டத்தை எதிர்பார்த்துப் போனால் அங்கே ஒரு பெண் மட்டும் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். இரண்டே அறை. கலையகத்தின் சுவர்களில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, கழிவில் போன கைத்தறிச் சாரத் துணிகளை அடுக்கடுக்காக அடித்திருந்தார்கள். கட்டம் போட்ட சுவர்கள், பச்சையும் நீலமும். மேசையில் நேற்றைய பிளேன்டீக் கோப்பைகள். நான் பெயரைச் சொன்னதும் சபீனாவின் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

“நேத்து ஏன் வரல்ல அக்கா? பாயும் விரிச்சு, இடியப்பமும் எடுத்து வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தம்.”

“இன்றைக்குத்தானே வெள்ளி?”

“ஓம், இண்டைக்கு வெள்ளிதான்.”

“வெள்ளி இரவு என்றுதானே சொன்னீர்கள்?”

“ஓம், வெள்ளி ராவுதான். நேத்து.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேற்று வியாழன் என்றேன். வியாழன்தான் என்று அவரும் ஒத்துக்கொண்டார். அப்படியானால் நேற்று எப்படி வெள்ளி இரவாகும் என்றேன். நேற்று இராத்திரிதானே வெள்ளி ராவு, எல்லாருக்கும் அப்படித்தானே என்றார். இந்தப் பெண் என்னை வைத்து விளையாடுகிறாரா, அல்லது பஸ் வெயிலில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று தெரியவில்லை. இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் வந்து, ஒரு தும்புத்தடியையும் பழைய கோப்பைகளையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நல்ல இரண்டு வார்த்தை சொல்லத் தயாரானபோதுதான் படியில் யாரோ தடதடவென்று ஏறி வரும் சத்தம் கேட்டது.

வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை காய்ந்த சேறு. தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டார்:

“தண்ணி அறிவித்தல் வாசிச்சது ஆரு?”

சபீனா தான்தான் என்றார். வழக்கமாக அதை வாசிப்பவர் பாண்டிருப்புக் கிருபா அண்ணன், நான் பதிவில் கேட்ட அந்த ஆண்குரல். அவர் மகளுடைய பிரசவத்துக்குத் திருகோணமலை போயிருப்பதால் இந்தக் கிழமை சபீனா வாசித்திருக்கிறார். வந்தவர் செல்வராணி, சவளக்கடை. கணவர் கத்தாரில். அவர் செய்துகொண்டிருந்த இரண்டரை ஏக்கரையும் இந்தப் போகம் இவர் தனியாகச் செய்கிறார். சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். அவருடைய வாய்க்காலுக்கு வெள்ளி ராவு என்று மேல்மாடி சொன்னது. கத்தாரில் இருந்தபடி போனில் கேட்ட கணவரும், மறந்துவிடாதே வெள்ளி இரவு என்று நினைவூட்டினாராம். இன்றைக்குப் பின்னேரம் மண்வெட்டியோடு போனால் வாய்க்காலில் வெறும் சேறு. சுற்றிவர இருக்கும் மருதமுனைக்காரர் வயல் எல்லாவற்றிலும் தண்ணீர் மினுங்குகிறது, இவருடையது மட்டும் வெடித்துக் கிடக்கிறது. நேற்று இராத்திரியே தண்ணீர் வந்து போய்விட்டதாம்.

பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது. அதாவது கதிரை வயிற்றுக்குள் வைத்திருக்கும் காலம். இப்போது தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெளியே வரும், ஆனால் பதராக வரும். அடுத்த முறைக்கு இன்னும் பத்து நாள். அதுவரை தாங்காது என்று சொல்லும்போது செல்வராணியின் குரல் உடைந்தது. பிறகு, தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“எங்கட ஊர்ல இப்ப என்ன கதைக்கிறாங்க தெரியுமா? முஸ்லிம் ஆக்கள் தங்களுக்குள்ள ஒரு நாளச் சொல்லி, எங்களுக்கு வேற நாளச் சொல்லிப்போட்டாங்க எண்டு.”

சபீனாவுக்கு முகம் வெளுத்துப்போனது. கணினியில் அந்த அறிவித்தலைத் தேடிப் போட்டார். ‘வெள்ளி ராவு எட்டு மணி தொடக்கம்’ என்று அவருடைய குரல் தெளிவாகச் சொன்னது. நான் இதைத்தானே கேட்டேன் என்றார் செல்வராணி. நான் இதைத்தானே சொன்னேன் என்றார் சபீனா. மூன்றாம் முறையும் போட்டுக் கேட்டோம். மூன்று பேருக்கும் ஒரே சொல்தான் கேட்டது, மூன்று பேருக்கும் தமிழ் தெரியும், ஆனாலும் ஆளையாள் பார்த்து முழித்துக்கொண்டு நின்றோம்.

சபீனா கிருபா அண்ணனுக்கு அழைத்தார். அவர் அந்தப் பக்கமிருந்து சாதாரணமாகச் சொன்னாராம், வட்டவிதானை வெள்ளி ராவு என்று தந்தால் தான் வியாழக்கிழமை இரவு என்று மாற்றித்தானே வாசிப்பது என்று. வட்டவிதானை என்பவர் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பாளர், அவரும் மருதமுனைதான். ஒவ்வொரு போகமும் கிருபா அண்ணன் இப்படி மாற்றியிருக்கிறார். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாற்றுகிறார் என்பதே சபீனாவுக்குத் தெரியாது. முஸ்லிம் விவசாயிகள் மாற்றியதைக் கேட்டும் சரியாகத்தான் போனார்கள், ஏனென்றால் வியாழன் இரவு என்று சொன்னால் ரேடியோ பாஷை என்று எடுத்துக்கொள்வார்களாம்.

அப்போதுதான் எனக்கு மெதுவாக உறைத்தது. அவர்களுக்கு நாள் மஃரிபோடு பிறக்கிறது. முதலில் இரவு, அதற்குப் பின்னால்தான் பகல். நேற்றுப் பொழுது பட்டதும் வெள்ளி வந்துவிட்டது. இன்று பொழுது பட்டதும் அது போய்விட்டது. நோன்பு மாதமும் பிறை கண்ட இரவிலிருந்துதானே தொடங்குகிறது. அப்படியானால் நாங்கள் இப்போது நிற்பது எந்த இரவில் என்று சபீனாவைக் கேட்டேன். “சனி ராவு,” என்றார். எனக்குத் தலை சுற்றியது. காலண்டரில் இருக்கும் ஒவ்வொரு நாளையும் யாரோ பின்பக்கத்தில் பிடித்து இழுத்துவிட்டது போல இருந்தது.

செல்வராணிக்கும் விளங்கியது. ஆனால் விளங்கியதால் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாதே. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சபீனா அந்த மேசையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தமிழ் ஊர்களும் கேட்க வேண்டும் என்பதற்காகவே கிருபா அண்ணனைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டாராம். “அந்தப் பக்கத்து ஆக்கள் நம்பாட்டி, நமக்கு எதுக்கு அக்கா இந்த ரேடியோ? பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கர் காணுமே,” என்றார். எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மிச்சமிருந்த இடியப்பத்தைச் சூடாக்கித் தந்தார், சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி ஒலிபரப்புக்குப் போனேன். விவசாயிகள் வயலுக்கு இறங்க முன்னர் கேட்பது அதுதான். சபீனா பாட்டு எதுவும் போடவில்லை. “பிழை என்ட வாயில,” என்று தொடங்கினார். வெள்ளி ராவு என்று வாசித்ததையும், அதைச் சவளக்கடையில் ஒரு தங்கச்சி வேறு விதமாக விளங்கிக்கொண்டதையும், அவருடைய பயிர் குடலையில் நிற்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். மேலே இருக்கும் வயல்காரர் யாருக்காவது கொஞ்சம் தண்ணீர் விட முடியுமா என்று கேட்டார். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சிறுபோகத்தில் விவசாயி சல்லி தந்தாலும் தருவான், தண்ணீர் தரமாட்டான் என்று ஹம்சா காக்கா வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்.

முதல் அழைப்பில் ஒருவர், இது கூடத் தெரியாமலா என்று ஏசினார், யாரை ஏசினார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டாவது அழைப்பு, எருமை கிடைத்ததா என்று. மூன்றாவதாக லத்தீப் காக்கா வந்தார். மருதமுனைக்காரர். செல்வராணியின் வயலுக்கு மேலே, வரம்போடு வரம்பாக அவருடைய வயல்.

“என்ட பூமில ஒரு சாண் தண்ணி நிக்கிது மகள். பசளை எறிஞ்சிரிக்கன், அது ஊறட்டும். ஞாயிறு ராவு வக்கடைய வெட்டி உடுறன், அந்தப் புள்ளய வரச் சொல்லுங்க.”

பசளை என்றால் உரம். வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் விடுவதற்காக வைக்கும் வாய். சபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தால் வயலில் சமிக்ஞை இல்லை. பரவாயில்லை, இந்த முறை எங்களுக்குத்தான் கணக்குத் தெரியுமே. ஞாயிறு ராவு என்றால் சனிக்கிழமை பொழுது பட்டதும், அதாவது இன்றைக்கு. செல்வராணிக்கு அழைத்து, மூன்று பேரும் விரல் மடித்துச் சரிபார்த்தோம். செல்வராணி போனில் இரண்டு தரம் திருப்பிச் சொன்னார்: “ஞாயிறு ராவு, இண்டைக்கு.” புதிதாகச் சைக்கிள் ஓடப் பழகிய பிள்ளைகள் போல எங்களுக்கு ஒரே பெருமை.

பின்னேரம் ஹம்சா காக்காவின் ஆட்டோவில் சவளக்கடைக்குப் போனேன். கல்முனையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர், காத்து நின்று திரும்பக் கொண்டுவந்து விட இரண்டாயிரம் பேசினோம். வழியில் கிட்டங்கித் தாம்போதி, ஆற்றுக்குக் குறுக்கே போட்ட தாழ்ந்த பாதை. மாரியில் தண்ணீர் அதற்கு மேலால் ஓடும் என்பதால் அந்தக் காலத்தில் போகிறவர்கள் முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். இப்போது இரண்டு பக்கமும் ஆற்றுவாழை பூத்துக் கிடந்தது, கொக்குகள் அதன் மேலே நடந்து திரிந்தன. தாம்போதிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டியவரை வயல்.

செல்வராணி மண்வெட்டியோடு வரம்பில் நின்றார். மேலே லத்தீப் காக்காவின் வயல், வானத்தைக் காட்டும் தண்ணீரோடு. கீழே இவருடையது, பாளம் பாளமாக. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ அகல வரம்பு. பொழுது பட்டது. தூரத்தில் பாங்கு கேட்டது. ஏழு மணியானது, எட்டானது. லத்தீப் காக்கா வரவில்லை. நுளம்பு எங்களைப் பிய்த்துத் தின்றது. செல்வராணி சபீனாவுக்கு எடுக்க, சபீனா லத்தீப் காக்காவுக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, போன் அணைத்திருக்கிறது என்றார். இராத்திரி இஷாத் தொழுகை முடிந்ததும் போனை அணைத்துவிட்டுப் படுக்கிற மனிதராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வானொலியில் ஊருக்கே கேட்கும்படி தந்த தண்ணீர், நேரமும் வந்துவிட்டது, நீங்களே வெட்டி விடுங்கள் என்றேன். வெட்டினால் நாலு கொத்து வேலைதான். செல்வராணி வக்கடை அடைத்திருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். மண்வெட்டியை ஒருமுறை தூக்கினார். பிறகு இறக்கி, அதன் மேலே கையை ஊன்றிக்கொண்டார்.

“பசளத் தண்ணி அக்கா. ஒரு நாள்ல ஊறாது. நான் வெட்டினா அவர்ட பசள முழுக்க என்ட வயலுக்கு வந்திரும். வரம்பும் அவர்ட வரம்பு.”

வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் விட்டது அவர்தானே என்று நான் விடவில்லை. ஊரில் கதைத்ததுதான் சரியோ என்று கூட எனக்குத் தோன்றிவிட்டது, சொல்லவும் சொன்னேன். செல்வராணி எட்டரைக்கு மண்வெட்டியைக் கழுவி, தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போது ஹம்சா காக்காவோடு நான் பேசவில்லை. அந்த மனிதர் பாவம், இதில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எனக்கு பஸ். ஏழரைக்கு சபீனா அழைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத குரல். லத்தீப் காக்கா கிடைத்துவிட்டாராம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, இன்னும் ஞாயிறு ராவு வரவில்லையே என்றாராம். சபீனாவுக்கே தலை சுற்றிவிட்டது. நம் கணக்குக்கு அது நேற்றே போய்விட்டதே என்றதற்கு அவர் சொன்ன பதிலை சபீனா அப்படியே சொல்லிக் காட்டினார்:

“தமிழ்ப் புள்ளைக்குச் சொல்ற எண்டுதான் தமிழ்க் கணக்குல சொன்ன மகள். நம்மட கணக்குல சொல்லித்தானே அந்தப் புள்ள ஒருக்கா ஏமாந்த?”

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் செல்வராணிக்காகத் தன் நாளை விட்டு எங்கள் நாளுக்கு வந்திருக்கிறார். செல்வராணியும் நாங்களும் எங்கள் நாளை விட்டு அவருடைய நாளுக்குப் போய், இருட்டில் நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறோம். என் பேச்சைக் கேட்டு நேற்று அந்த வக்கடையை வெட்டியிருந்தால்? நினைக்கவே உடம்பு கூசியது. பஸ் ஆசனத்துக்குக் கட்டிய காசு போனால் போகட்டும் என்று இன்னொரு நாளைக்கு அறையைச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று அலுவலகத்துக்கும் சொன்னேன். அங்கே யாரும் நம்பவில்லை.

ஞாயிறு பின்னேரம் நாங்கள் போகும்போதே லத்தீப் காக்கா வரம்பில் நின்றார். அறுபது தாண்டிய மனிதர், சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு சபீனாவும் வந்திருந்தார், அதாவது நிலையத்தில் பாட்டை ஓடவிட்டுவிட்டு. லத்தீப் காக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து வக்கடை மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அது அவர் வைத்தபடியே இருந்தது. பக்கத்தில், நேற்று இரண்டு பேர் மணிக்கணக்காக மிதித்து நின்ற அடிகள் சேற்றில் காய்ந்து கிடந்தன.

“நேத்து மஃரிபிலிரிந்து நிண்டிரிக்கிங்க,” என்றார்.

“ஓம் காக்கா,” என்றார் செல்வராணி.

“மண்வெட்டியும் கையில இரிந்திரிக்கி. வெட்டல்லயே.”

“நீங்க வரல்லயே.”

லத்தீப் காக்கா தோளில் இருந்த மண்வெட்டியை எடுத்து, பிடியைச் செல்வராணி பக்கம் திருப்பி நீட்டினார். “இந்தாங்க தங்கச்சி. நீங்களே வெட்டுங்க.”

செல்வராணி வெட்டினார். நாலே கொத்து. முதலில் மண் கரைந்து கலங்கலாக வந்தது, பிறகு சலசலவென்று இறங்கியது. வெடிப்புக்குள் தண்ணீர் புகுகிறபோது காய்ந்த மண் ஒரு சத்தம் போடும், உறிஞ்சுகிற மாதிரி. அதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். செல்வராணி போனை எடுத்துக் கத்தாருக்கு அழைத்து, பேசாமல் அதை வக்கடைப் பக்கம் நீட்டிப் பிடித்தார். சபீனாவும் தன்னுடைய ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். வெள்ளி மத்தியானம் கல்முனையில் இறங்குவதாக இருந்தால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், இரண்டு மணிக்குப் பிறகுதான் கடை திறக்கும். மேல்மாடிக்கு யாரும் போகலாம், அனுமதி ஒன்றும் வேண்டாம், ஆனால் செருப்பைக் கீழே கழற்ற வேண்டும். வட்டைக் கதைக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இடியப்பம் எண்ணித்தான் எடுப்பார்கள். சவளக்கடைக்கு ஆட்டோ பேசும்போது காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். நுளம்புக்குப் பூச ஏதாவது கொண்டு போங்கள். எருமை என்ன ஆனது என்று யோசிப்பவர்களுக்கு: அறிவித்தல் வாசித்த அன்றே அது தானாக வீட்டுக்கு வந்துவிட்டதாம், சொந்தக்காரர்தான் வானொலிக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

தண்ணீர் அறிவித்தலை இப்போது சபீனாவும் கிருபா அண்ணனும் சேர்ந்து எழுதுகிறார்களாம். ‘நாளைக்கு வியாழக்கிழமை, பொழுது பட்ட புறகு, சில ஆக்களுக்கு வெள்ளி ராவு, சில ஆக்களுக்கு வியாழன் இரவு’ என்று நீட்டி வாசிக்கிறார்கள். இதைக் கேட்டு முடிவதற்குள் தண்ணீர் வந்து போய்விடும் என்று சிலர் பகிடி பண்ணுகிறார்களாம். செல்வராணியின் வயலில் கதிர் தள்ளிவிட்டது. படம் அனுப்பியிருந்தார், கதிர் தலை சாய்ந்து நிற்கிறது.

போன கிழமை சபீனா அழைத்து, அறுவடைக்கு ஒரு வட்டைக் கதை வைக்கிறோம், வெள்ளி ராவு வாங்க அக்கா என்றார். சரி என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நான் அவர் கணக்கில் வியாழக்கிழமை போய் நிற்பேன். அவர் எனக்காக வெள்ளிக்கிழமை பாய் விரித்துக்கொண்டு இருப்பார். திருப்பிக் கேட்கலாம்தான். கேட்கவில்லை, இரண்டு இரவுக்கும் அறை சொல்லிவிட்டேன்.